கறுப்புச் சட்டையில் ஒரு வாடை

பெரும்பாக்கம்
3.2.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ஜானகி எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தெரியும், பெயர்தான் தெரிந்திருக்காது. கார்த்திகை மாசக் கடைசியில் ஒரு காலையில், மந்தைவெளி மார்க்கெட் பக்கத்தில் கார் இடித்து ஒருவர் விழுந்து கிடந்தாரே, கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் ஐயப்பன் மாலை, அவர்தான். கூட்டம் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் ஒருவர்தான் ஆட்டோவை நிறுத்தி, அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அந்தப் புண்ணியத்துக்கு முதலில் ஒரு கும்பிடு.

அவர் பெயர் நாகராஜ். பெயிண்ட் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற மீன்பாடி வண்டி ஓட்டினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கண்ணே திறக்காமல் போய்விட்டார்.

உங்கள் வீட்டை எனக்குக் காட்டியது, அன்று உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரர் யாசிர். திருவல்லிக்கேணிக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தானாம். போன வாரம் நான் அபிராமபுரம் வந்தேன். உங்கள் மகள் கேட்டைத் திறக்காமலே "அப்பா ஊர்ல இல்ல" என்றார். உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. சரி, வீட்டில் பூனைக்கு இருமல் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. நாகராஜ் குடிபோதையில் ரோட்டைக் கடந்தார், கார் ஓட்டியவர் மேல் தப்பில்லை, வழக்கை முடித்துவிட்டோம் என்று. நேரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த ரைட்டர், "இன்னாம்மா, ஆஸ்பத்திரி டாக்டரே எழுதிக்கீறாரு, வாயில மது வாடை அடிச்சுதுன்னு. நாங்க இன்னா பண்றது?" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாலை போட்டவர் ஐயா. விரதம். தெருவில் மீன் கழுவின தண்ணீரைக்கூடத் தாண்டமாட்டார். அவருக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி வேறு யாருமில்லை, அவர் கூடப்பிறந்த அண்ணன் அய்யாதுரை. சிந்தாதிரிப்பேட்டையில் எல்லாருக்கும் அவர்தான் குருசாமி. உடலை வாங்கின அன்றைக்கே ஸ்டேஷன்காரர்கள் இப்படிச் சொன்னதைக் கேட்டதும் அவர், "மாலையோட குடிச்சவன் என் தம்பி இல்ல" என்று சொல்லிவிட்டார். கருமாதிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த மாலையை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கையாலே தொடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரோட்டிலிருந்து அவரைத் தூக்கினீர்களே, அப்போது அவர் வாயில் வாடை அடித்ததா? அடித்திருந்தால் அடித்தது என்றே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

ஜானகி


அபிராமபுரம்
9.2.2025

திருமதி ஜானகி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் இறந்துபோன செய்தி எனக்கு இப்போதுதான் தெரியும். பிழைத்திருப்பார் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை.

அன்று இருமியது நான்தான். மகள் ஹம்சினி பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள். அவளை மன்னிக்க வேண்டும். போலீஸ், கோர்ட் என்றாலே இந்த வீட்டில் எல்லாருக்கும் உதறல்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. வாடை அடிக்கவே இல்லை. அவர் தலை என் மடியில் இருந்தது, நான் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வியர்வையும் விபூதியும் மட்டும்தான். இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

ஆனால் இதற்குமேல் என்னை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் தன் பெயரையோ விலாசத்தையோ சொல்ல வேண்டியதில்லை, சாட்சி சொல் என்று போலீஸ் அவரை வற்புறுத்தவும் கூடாது. இது இப்போது சட்டமாகவே இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் நான் பெயர் சொல்லாமல் வந்தது அதை நம்பித்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்தவன், விபத்து வழக்கு என்றால் சாட்சி எத்தனை தடவை வாய்தாவுக்கு அலைவான் என்று கண்ணால் கண்டவன். என் உடம்பு அதைத் தாங்காது.

நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். போலீஸ் வழக்கை முடித்தால் அதோடு முடிந்தது என்று அர்த்தமில்லை. நோட்டீஸ் கொடுத்ததே உங்கள் ஆட்சேபணையைக் கேட்பதற்காகத்தான். சைதாப்பேட்டை கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போய் மனு எழுதிக் கொடுங்கள். மாஜிஸ்திரேட் நினைத்தால் திரும்பவும் விசாரிக்கச் சொல்லலாம்.

என்னால் முடிந்த முதலுதவியைச் செய்தேன், ஒப்படைத்தேன், வந்துவிட்டேன். பகவான் உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

வே. பஞ்சாபகேசன்


பெரும்பாக்கம்
16.2.2025

ஐயாவுக்கு,

"இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடையில் வேலைக்கு நடுவிலேயே அழுதுவிட்டேன். தி.நகரில் துணிக்கடையில் புடவை மடிக்கிற வேலை எனக்கு. புடவையில் கண்ணீர் படக்கூடாது என்று சூப்பர்வைசர் வெளியே அனுப்பிவிட்டார். அவர் கவலை அவருக்கு.

ஆனால் ஐயா, வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க மறுபடியும் மண்டை குழம்பிவிட்டது. உங்களிடம் ஒன்றை நான் மறைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தேன். குப்பென்று அடித்தது. என் அப்பா குடித்தே செத்தவர், எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டையை மோந்த பிறகுதான் ஸ்டேஷனில் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு இந்த மனுஷன் இப்படிச் செய்தானா என்று நானும் நினைத்தேன். கருமாதி அன்றைக்கு அவர் போட்டோவை நிமிர்ந்து பார்க்கவில்லை நான்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், தூக்கும்போது வாடை இல்லை. டாக்டர் சொல்கிறார், ஆட்டோவிலிருந்து இறக்கியபோது வாடை இருந்தது. நடுவில் அவர் இருந்தது ஆட்டோவில். உங்கள் மடியில்.

யாசிரைப் போய்ப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணாடில பாத்தேங்க்கா. பெரியவரு பையிலேர்ந்து சின்ன பாட்டில் எடுத்து வாயில இன்னாவோ ஊத்தினாரு. தண்ணின்னு நெனச்சேன்" என்றார்.

முதலுதவி செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே. என்ன முதலுதவி ஐயா செய்தீர்கள்?

ஜானகி


அபிராமபுரம்
24.2.2025

அம்மா ஜானகி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் என் மருந்துப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட முகர்ந்து பார்த்ததில்லை.

ஹோமியோபதி எனக்குப் பைத்தியம். புஸ்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டது, பட்டம் ஒன்றும் கிடையாது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஜலதோஷம், சுளுக்கு என்றால் என்னிடம்தான் வருவார்கள். வெளியே போகும்போதும் பையில் சில பாட்டில்கள் இருக்கும். அடிபட்டவருக்கு அதிர்ச்சி தணிய ஆர்னிகா கொடுக்க வேண்டும் என்று எந்தப் புஸ்தகத்திலும் போட்டிருக்கும். அதைத்தான் கொடுத்தேன். நெற்றிக் காயத்தில் காலண்டுலா மருந்தில் நனைத்த கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். ஆட்டோ குலுங்கியதில் பாட்டில் சரிந்து அவர் சட்டையிலும் கொட்டிவிட்டது.

அந்த மருந்தெல்லாம் சாராயத்தில் ஊறியதுதான் அம்மா. ஸ்பிரிட் இல்லாமல் அது கிடையாது. ஏகாதசி அன்றைக்குப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பேன், ஆனால் இதை நாக்கில் விட்டுக்கொள்வேன். மருந்து என்றுதான் தெரியுமே தவிர, இதற்கு ஒரு வாடை உண்டு, அந்த வாடைக்கு வேறொரு பெயர் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. டாக்டர் முகர்ந்தது உங்கள் கணவரை இல்லை. என் மருந்தை.

ஹம்சினியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "டிகிரி இல்லாம மருந்து குடுத்தேன்னு போலீஸ்ல போய் நீங்களே சொல்லிக்கப் போறேளா? மருந்தாலதான் போனார்னு திருப்பிட்டா என்ன பண்றது? பேசாம ஆத்துல இருங்கோப்பா" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜெயிலில் போய் உட்காருகிற வயசா எனக்கு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும், தெரிந்துவிட்டது. உங்கள் மைத்துனரிடமும் சொல்லுங்கள். கோர்ட்டுக்கு மட்டும் என் பெயரைக் கொண்டுபோக வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் காட்டினாலும் நான் தடுக்க முடியாது. காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

வே. பஞ்சாபகேசன்


பெரும்பாக்கம்
3.3.2025

ஐயாவுக்கு,

நீங்கள் சொன்னபடி சைதாப்பேட்டைக்குப் போனேன். சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதை அவரே வந்து சொல்லணும்மா. நீங்க சொன்னா, புருஷனுக்காகப் பொண்டாட்டி கதை கட்டறான்னுதான் நெனைப்பாங்க. ஆட்டோக்காரர் பாட்டிலைத்தான் பார்த்தார், உள்ள இருந்தது என்னன்னு அவருக்குத் தெரியாது" என்றார்.

உங்கள் பயத்தையும் கேட்டேன். உதவி செய்யப் போய், நல்ல எண்ணத்தில் ஒருவர் தவறு செய்திருந்தால் அவர்மேல் வழக்குப் போட முடியாதாம். பெயர் சொல்ல வேண்டாம் என்கிற அதே சட்டம்தான் இதையும் சொல்கிறதாம். நீங்கள் பாதி வரைக்கும் படித்துவிட்டு மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது.

பிறகு அவர், "எழுதிக் குடுத்திருக்கார்னீங்களே, அந்தக் கடிதம் எங்கே? அதை வெச்சு கோர்ட் மூலமா அவரை வரவழைக்கலாம்" என்றார். கடிதம் என் பையில்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில். கை அதுவரைக்கும் போயிற்று.

தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ரோட்டில் அத்தனை பேர் நின்றார்கள், நீங்கள்தான் தொட்டுத் தூக்கினீர்கள். உங்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால், அடுத்த தடவை யாராவது விழுந்து கிடக்கும்போது நீங்களும் செல்போனை எடுத்துக்கொண்டு நிற்பீர்கள். அதற்கு நான் காரணமாக இருக்கமாட்டேன். உங்கள் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துப் போடுங்கள்.

அய்யாதுரை அண்ணனிடம் சொன்னேன். "யாரு அந்தப் பெரியவரு? பேரு இன்னா? ஏன் வரமாட்டேங்கறாரு?" என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை. "பேரே இல்லாத ஆளு. நல்லா கீது கதை" என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள், கோபம் வருகிறது. பெயர் சொல்லாமல் இருக்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது ஐயா. என் வீட்டுக்காரருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவருக்கு என்ன சட்டம் இருக்கிறது?

ஏப்ரல் முதல் வாரத்தில் மனு விசாரணைக்கு வருகிறது. நான் இனிமேல் எழுதமாட்டேன்.

ஜானகி


அபிராமபுரம்
19.3.2025

அம்மா ஜானகி,

என் கடிதத்தை நீங்கள் திருப்பி அனுப்பியதிலிருந்து அது என் மேஜைமேல் கிடக்கிறது. கிழிக்கவில்லை. போன வாரம் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

உங்களிடம் பேசிய அதே ரைட்டர்தான் என்று நினைக்கிறேன். "கேஸு முடிஞ்சு போச்சு சார். இப்ப வந்து இன்னாத்துக்கு?" என்றார். நான் ஒன்றும் பேசாமல் ஆர்னிகா பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னா சார், காலங்காத்தால சரக்கோட வந்துக்கீறீங்க?" என்றார். "இதைத்தான் சார் அந்த டாக்டர் முகர்ந்தது" என்றேன். அவர் பாட்டிலை வாங்கி மறுபடியும் முகர்ந்தார். பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே நடந்துகொண்டார். உட்கார வைத்து எழுதி வாங்கிக்கொண்டார். அறிக்கை ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டதால், அங்கேயும் நேரில் வந்து சொன்னால் நல்லது என்றார். அங்கிருந்து சைதாப்பேட்டைக்குப் போய் உங்கள் வக்கீலைப் பார்த்தேன். "தொலைஞ்ச லெட்டர் நடந்து வந்துடுச்சா?" என்று சிரித்தார். விசாரணை அன்று வருவேன். ஹம்சினி இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, இப்போது தானும் கூட வருகிறேன் என்கிறாள்.

இனி எழுதப் போவதை ஸ்டேஷனில் சொல்லி எழுத வைத்துவிட்டேன். கோர்ட்டிலும் சொல்லப் போகிறேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்றுகொண்டு நீங்கள் இதை முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

ஆட்டோ குலுங்கி மருந்து கொட்டியது என்று எழுதினேன். அது பொய். ஆட்டோ அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

நான் பாட்டிலை அவர் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவர் மூக்கைச் சுருக்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. நான் குனிந்து கேட்டேன். "வேணாம் சாமி. மாலை போட்டுக்கீறேன்" என்றார்.

அம்மா, எனக்கு அது புரியவில்லை. அடிபட்டதில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். "இது மருந்துப்பா, குடி" என்று சொல்லி மோவாயைப் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில்தான் மருந்து சட்டையில் கொட்டியது. நான் விடவில்லை. மறுபடியும் பிடித்துத் திருப்பிச் சில சொட்டு உள்ளே விட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணையும் மூடிக்கொண்டார்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டியைத் திறந்து முகர்ந்த அன்றைக்கு வந்தது. வந்தும் எழுதாமல் விட்டேன். ஒருவர் தன் விரதத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கடைசியாகக் கெஞ்சினார், அதை மோவாயைப் பிடித்துக் கெடுத்தவன் நான். அதை எழுதக் கை வரவில்லை.

உங்களைக் குப்பென்று அடித்ததாமே அந்தச் சட்டை, அதில் இருந்தது அவர் குடித்த வாடை இல்லை. அவர் வேண்டாம் என்றதின் வாடை. அவர் வாயைத் திறந்திருந்தால் சட்டையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.

பஞ்சாபகேசன்


பெரும்பாக்கம்
13.4.2025

ஐயாவுக்கு,

இனிமேல் எழுதமாட்டேன் என்றவள் எழுதுகிறேன். கோர்ட்டில் அன்றைக்கு உங்களிடம் பேச முடியவில்லை. நீங்கள் கூண்டிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் கையைக் கூப்பியதும் நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் அம்மா "நீங்க டாக்டரா?" என்று கேட்டபோது நீங்கள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இல்லம்மா. தெரிஞ்ச மாதிரி நெனச்சுண்டு இருந்தேன்" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. கார்க்காரர் மேல் என்ன ஆகும், எப்போது ஆகும், அதெல்லாம் பிறகு. குடிபோதை என்று எழுதின அறிக்கை இப்போதைக்கு நிற்கவில்லை என்று வக்கீலம்மா சொன்னார்.

உங்கள் கடிதத்தை அய்யாதுரை அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துப் படிக்கிற கண்ணாடி இல்லை என்றார். நானே வாசித்தேன். "வேணாம் சாமி" வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் வாசித்தேன். அப்புறம் அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து கிளம்பும்போது, "மாலை எங்க?" என்றார். பையில்தான் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வருகிற கார்த்திகையில் தம்பி மாலையைத் தானே மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றார்.

விரதத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் குருசாமியிடம் கேட்டேன். "வேணாம்னு சொன்னான் இல்ல? அதோட அவன் விரதம் முடிஞ்சுது. மிச்சம் அந்தப் பெரியவரு தெரியாம செஞ்சது. சாமி கணக்குல அது வராதுன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். மோவாயைப் பிடித்தேன் என்று எழுதின இடத்தில் இன்னும் நெஞ்சு எரிகிறது. ஆனால் அவர் கடைசியாகப் பேசியதைக் கேட்ட காது உங்களுடையதுதான். அதை நீங்கள் எனக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தீர்கள்.

கவரில் வாடை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அந்தச் சட்டையைத் துவைக்க எனக்கு மனசு வராமல் இருந்தது. முதலில் கோபத்தில் துவைக்கவில்லை. பிறகு சாட்சிக்கு வேண்டுமோ என்று துவைக்கவில்லை. உங்கள் வாக்குமூலமே போதும், இனிச் சட்டை தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். நேற்று சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன். சாயங்காலம் மடித்து அவர் வேட்டியோடு வைத்தேன்.

நாகராஜ் மனைவி
ஜானகி